பதினான்காம் நாள்

பதினான்கு நாள் வைத்திருப்போம்.
யாரும் வராவிட்டால்
பையில் ஒட்டிய பெயரைக் கிழித்துவிட்டு
மருந்தை அடுக்குக்குத் திருப்ப வேண்டும்.
கடையின் விதி.
கிழிப்பது என் வேலை.

வெள்ளைத் தாள் பைகள், அகரவரிசையில்.
ஊலெட். சீர். தெரியோ. மிஷோ.
இந்த ஊருக்கே நாலைந்து குடும்பப் பெயர்தான்,
அதனால் பிறந்த தேதியும் கேட்பேன்.
தேதியைச் சொல்வார்கள்.
விலையைக் கேட்பார்கள்.
பர்ஸைக் காரில் மறந்துவிட்டேன் என்று போவார்கள்.
போன டயர்த் தடத்தைப் பனி மூடும்வரை
நானும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா.
அங்கேயும் ஒரு மருந்துக்கடை,
இரவில் அதன் பச்சைச் சிலுவை எரிவது
என் கல்லாவிலிருந்து தெரியும்.
அதே நிறுவனம், அதே குப்பி, அதே இன்சுலின்.
பாலத்தில் எந்த இடத்தில்
விலை தன் மூட்டையை இறக்கிவைக்கிறது என்று
ஒருநாள் நடந்தே போய்ப் பார்க்க வேண்டும்.

அகஸ்டாவுக்கு ஐந்து மணி நேரம், நல்ல சாலையென்றால்.
காகித ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லூசியன் சீர்
மகள் மிரேயின் காலிக் குப்பிகளை
முட்டை அட்டையில் அடுக்கி
மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.
நான் லீவு போட்டுவிட்டு வண்டி ஓட்டினேன்.

சட்டசபைக் குழுவின் முன்னால்
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு.
மருந்து நிறுவனத்தின் வக்கீல்
மஞ்சளுக்கு முன்பே முடித்துவிட்டார்.
ஆராய்ச்சி என்ற சொல் ஏழு முறை வந்தது.
மாத்திரை எண்ணிப் பழகியவள், தானாக எண்ணிவிடுவேன்.

லூசியனுக்குப் பச்சையில் குரல் எழவில்லை.
மஞ்சளில் அட்டையைத் திறந்தார்.
சிவப்பில்தான் சொன்னார்:
"இது போன வாரத்தது. பாதி பாதியாப் போட்டிருக்கா.
எனக்குச் சொல்லல."
தலைவர் மணியடிக்கவில்லை.
உறுப்பினர் ஒருத்தி ஒரு குப்பியை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
அடியில் ஏதும் மிச்சம் இருக்குமோ என்பதைப்போல.

ஏப்ரலில் சட்டம்.
ஜனவரியில் அமல்.
நடுவில் எட்டு மாதம்,
அதற்கு எந்த விளக்கும் எரியவில்லை.

மாதத்துக்கு முப்பத்தைந்து டாலர், அதற்குமேல் கூடாது.
கணினியில் புது விலை ஏறிய காலை
குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து
ஒவ்வொரு பையாக எடுத்து ஸ்கேன் செய்தேன்.
ஊலெட், முப்பத்தைந்து.
மிஷோ, முப்பத்தைந்து.
ஃபெர்னாண்ட் தெரியோ, முப்பத்தைந்து:
அரசாங்கம் எதிலும் மூக்கை நுழைக்கக் கூடாதென்று
வாசலில் பலகை நட்டு வைத்திருப்பவர்.
பில்லை இரண்டு முறை படித்தார்.
"தப்பாப் போட்டுட்டியா?"
இல்லை என்றேன்.
பணத்தைக் கொடுத்த பிறகும்
கையுறையை மாட்டாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

சீர், மிரேய்.
நானூற்றுப் பன்னிரண்டு.

மறுபடி ஸ்கேன் செய்தேன்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை.

தொலைபேசியில் நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு ஒரு குரல், களைத்தாலும் கனிவான குரல்:
ஆலை தன் சொந்தப் பணத்தில் நடத்துகிற காப்பீடாம்.
அது வாஷிங்டனின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாம்.
மாநிலத்தின் கை அதுவரை எட்டாதாம்.
வேறேதும் உதவி வேண்டுமா என்றும் கேட்டது.

லூசியனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.
ஆலைத் தூசு படிந்த தொப்பியைக் கழற்றி
மேடைமேல் வைத்தார்.
"ஃபெர்னாண்டுக்கு?"
"கிடைத்தது."
"மிஷோ வீட்டுக்கு?"
"கிடைத்தது."
ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தார்,
தானே ஏற்றிவிட்ட சரக்கைச்
சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவரைப்போல.
பிறகு பாலத்தில் பனி எப்படி என்று கேட்டார்.
வழுக்கும் என்றேன்.
தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

வாங்கி வந்தது எத்தனை நாளுக்குக் காணும்
என்று நான் கேட்கவில்லை.

இன்று அந்தப் பைக்குப் பதினான்காம் நாள்.
குளிர்பெட்டியைத் திறக்கிறேன்.
தேதி முத்திரையைத் திருகி
பழைய தேதியின்மேல் இன்றைய தேதியைக் குத்துகிறேன்.
என் அதிகாரத்துக்கு உட்பட்ட
சட்டத்திருத்தம் இவ்வளவுதான்.
வாசிப்பு ஒன்று, விவாதம் இல்லை, நிறைவேறியது.

அடுத்த பதினான்காம் நாளும் நான்தான் டியூட்டி.